எதுவுமே நடக்காத நாவலா? நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்? எதற்கு இத்தனை வாக்குவாதம்?

போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில், காலே குன்றின் அடிவாரத்தில், பிரெஷியஸ் ராமொட்ஸ்வே என்ற பெண் ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். அப்பா விட்டுச்சென்ற 180 மாடுகளை விற்ற பணம்தான் முதல். நிறுவனத்தின் சொத்து ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, பழைய தட்டச்சுப்பொறி, ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று குவளை. மூன்றாவது குவளை வாடிக்கையாளருக்கு. எழுதியவர் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித். எடின்பரோவில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். முதல் நாவல் 1998இல் எடின்பரோவின் பாலிகன் பதிப்பகத்தில் வந்தது. அச்சிட்டது 1500 படிகள்தான். 2024க்குள் தொடர் 25 நாவல்களைத் தொட்டுவிட்டது.

படித்தவர்களைக் கேட்டால் மூன்று கட்சி. "மனசு சரியில்லாத நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது" என்பவர்கள் ஒரு கட்சி. "இருநூறு பக்கம் புரட்டியும் டீதான் குடிக்கிறார்கள்" என்பவர்கள் இன்னொன்று. மூன்றாவது கட்சிக்குப் புத்தகம் பிடிக்கும். ஆனால் அது பிடித்துப்போவதே சற்று உறுத்தும். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருபவை.

துப்பறியும் கதை என்று வாங்கினேன். துப்பே இல்லையே?

இருக்கிறது. நீங்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். முதல் நாவலின் முதல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஹேப்பி பபெட்சி என்ற பெண்ணின் வீட்டுக்கு ஒருவர் வந்து, "நான்தான் உன் அப்பா" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். சின்ன வயதில் பிரிந்துபோன அப்பா. உண்மையா பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. ராமொட்ஸ்வே ரேகை எடுக்கவில்லை, ஆளைப் பின்தொடரவுமில்லை. தெரிந்த நர்ஸ் ஒருவரின் சீருடையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய் நிற்கிறார். உங்கள் மகளுக்கு விபத்து, ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது, அப்பாவின் ரத்தம்தான் வேண்டும், நிறையவே எடுக்க வேண்டியிருக்கும், உங்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்கிறார். பெற்றவன் என்றால் யோசிக்கமாட்டான். இந்த ஆள் யோசிக்கிறான். வழக்கு முடிந்தது.

தடயத்துக்குப் பதில் ஆளின் குணத்தைப் படிப்பதுதான் இங்கே துப்பறிதல். அகதா கிறிஸ்டி மாதிரி, கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம் நிச்சயம். ஒரு நாவலில் இரண்டு மூன்று வழக்குகள் ஓடும். அவற்றில் ஒன்றாவது, குற்றவாளியைக் காவல்துறையிடம் ஒப்படைக்காமல் பேசியே தீர்க்கப்படும். "துப்பு இல்லை" என்ற புகார் உண்மையில் புத்தகத்தின் மேலானது அல்ல. கடையில் அது வைக்கப்பட்டிருந்த அலமாரியின் மேலான புகார்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? வரிசையாகத்தான் படிக்கணுமா?

முதல் ஆறை வரிசையாகப் படியுங்கள்: தி நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி (1998), டியர்ஸ் ஆஃப் தி ஜிராஃப் (2000), மொராலிட்டி ஃபார் பியூட்டிஃபுல் கேர்ள்ஸ் (2001), தி கலஹாரி டைப்பிங் ஸ்கூல் ஃபார் மென் (2002), தி ஃபுல் கப்போர்ட் ஆஃப் லைஃப் (2003), இன் த கம்பெனி ஆஃப் சியர்ஃபுல் லேடீஸ் (2004). நிச்சயதார்த்தம், தத்தெடுப்பு, கல்யாணம், பழைய கணவன் திரும்பி வருவது எல்லாம் இவற்றுக்குள் அடுத்தடுத்து நடக்கின்றன. வரிசை மாறினால், யார் எப்போது யாருக்கு என்ன ஆனார்கள் என்பது குழம்பும்.

ஏழாவதிலிருந்து விடுதலை. கையில் கிடைத்ததைப் படிக்கலாம். இரண்டை மட்டும் முன்பின்னாகப் படித்துவிடாதீர்கள். டீ டைம் ஃபார் தி டிரெடிஷனலி பில்ட் (2009) நாவலில் அந்தக் குட்டி வெள்ளை வேன் கைவிட்டுப் போகிறது. அதன் கதை தி சாட்டர்டே பிக் டென்ட் வெட்டிங் பார்ட்டி (2011) வரை நீள்கிறது. ஒரு பழைய வேனுக்காக வாசகர்கள் இவ்வளவு வருத்தப்படுவார்களா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். முதல் ஆறையும் படித்தவருக்கு வராது.

ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்றால், எங்கள் தேர்வு முதல் நாவல் அல்ல, இரண்டாவது. பத்து வருடத்துக்கு முன் போட்ஸ்வானாவில் காணாமல் போன மகனைத் தேடி ஓர் அமெரிக்கத் தாய் வருவதுதான் அதன் மைய வழக்கு. முதல் நாவல் துண்டு துண்டான வழக்குகளால் ஆனது. இரண்டாவதில் ஒரே துக்கம் கடைசிவரை கூடவே வருகிறது.

முதல் நாவலில் இரண்டாவது அத்தியாயத்தோடு நின்றுவிட்டேன். என்ன செய்ய?

பலரும் நிற்கும் இடம் அதுதான். முதல் அத்தியாயம் கலகலப்பாக ஒரு வழக்கை முடித்துவைக்கிறது. உடனே கதை பின்னால் போய், செத்துப்போன அப்பா ஓபெட் ராமொட்ஸ்வே தன் குரலிலேயே பேச ஆரம்பிக்கிறார்: தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தது, நெஞ்சில் சேர்ந்த தூசி, வாங்கிச் சேர்த்த மாடுகள். அதற்குப் பிறகு மகளின் குழந்தைப் பருவம், முதல் கல்யாணம். ஐந்தாவது அத்தியாயம் வாக்கில்தான் அலுவலகத்துக்குத் திரும்புகிறோம். "டிடெக்டிவ் எங்கே போனார்?" என்று கேட்டுப் புத்தகத்தை மூடிவைப்பவர்கள் இங்கேதான் மூடுகிறார்கள்.

தாண்டிப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்த 180 மாடு என்பது சுரங்கத்துக்குள் போன ஒரு மனிதனின் ஆயுள் என்பது அங்கேதான் தெரிகிறது. அதைப் படித்தபின், நிறுவனம் லாபமா நஷ்டமா என்று ராமொட்ஸ்வே கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு இடமும் வேறு கனம் பெறும். பொறுமை இல்லையென்றால் ஐந்தாவது அத்தியாயத்துக்குத் தாவி, புத்தகத்தை முடித்துவிட்டு, திரும்பி வந்து அந்த மூன்றையும் படியுங்கள்.

எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஆமாம், இருக்கிறது. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ராமொட்ஸ்வேயின் உதவியாளர் மகூட்ஸி செயலர் பயிற்சிக் கல்லூரியில் 97 சதவீதம் வாங்கியது, அனாதை இல்லத்தை நடத்தும் பொட்டோக்வானி ஒரு துண்டு பழக் கேக்கைக் கொடுத்தே காரியம் சாதிப்பது, ராமொட்ஸ்வேயை மணக்கும் மெக்கானிக் மாடெகோனியின் பட்டறையில் பயிற்சிப் பையன்கள் பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது, ராமொட்ஸ்வே "பாரம்பரிய உடல்வாகு" கொண்டவர் (அதாவது பருமனானவர்) என்பது எல்லாம் ஒவ்வொரு நாவலிலும் திரும்ப வரும்.

இதற்கு இரண்டு காரணம். விமான நிலையக் கடையில் பதினான்காவது புத்தகத்தை முதல் புத்தகமாக எடுப்பவரும் உண்டு. அவருக்கும் ஆட்களை அறிமுகம் செய்தாக வேண்டும். இரண்டாவது, இவை சுமார் வருடத்துக்கு ஒன்று என வந்தவை. ஒரு வருடம் கழித்துப் பார்க்கும் உறவினர் அதே பழைய ஜோக்கைச் சொன்னால் நமக்குப் பிடிக்கத்தான் செய்யும். அதே ஆள் நம் வீட்டிலேயே தங்கி, ஒரே வாரத்தில் அதை ஏழு முறை சொன்னால்?

ஆக, சலிப்புக்குப் பாதிப் பொறுப்பு புத்தகத்துக்கு, மீதி அடுக்கிவைத்து ஒரே மூச்சில் படிக்கும் பழக்கத்துக்கு. இரண்டு நாவலுக்கு நடுவே குறைந்தது ஒரு மாதம் விடுங்கள்; மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. இடையில் கூர்மையான வேறு ஏதாவது படியுங்கள். அப்படியும் 97 சதவீதம் எரிச்சலூட்டினால் தொடர் உங்களுக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். 25ஐயும் முடித்தே ஆக வேண்டும் என்று வேண்டுதல் எதுவும் இல்லை.

பத்தாவதுக்குப் பிறகு வழக்குகள் மெலிந்துவிடுகின்றன என்பதும் எங்கள் கருத்து. வில்லியாக வரும் வயலட் செபோதோ போகப்போக நாடகத்து வில்லியாகிவிடுகிறார். அவர் பெயர் வந்தாலே முடிவு தெரிந்துவிடுகிறது.

ரொம்பத் தித்திப்பாக இல்லையா? உலகம் இப்படியா இருக்கிறது?

இந்தப் புகாரை மேலே சொன்னதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "எதுவும் நடக்கவில்லை" என்பது வேறு, "கெட்டது எதுவும் நடக்கவில்லை" என்பது வேறு. இரண்டாவது, வாசித்தவர் சொல்லும் புகாராகத் தெரியவில்லை. ராமொட்ஸ்வேயின் முதல் கணவன் நோட் மொகோட்டி ஊதுகுழல் வாசிக்கும் ஜாஸ் கலைஞன். அவளை அடிப்பவன். அவள் பெற்ற குழந்தை சில நாட்களே உயிரோடு இருந்தது. முதல் நாவலின் கடைசி வழக்கு, மாந்திரீக மருந்துக்காகச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டது பற்றியது. இரண்டாவது நாவலில் தத்தெடுக்கப்படும் மொத்தொலெலி, புசோ இருவரும் பசார்வா பழங்குடிக் குழந்தைகள். தாய் இறந்ததும் அவளோடு சேர்த்து உயிரோடு புதைக்கப்பட்ட தம்பியை அந்தச் சிறுமிதான் மண்ணைத் தோண்டி எடுக்கிறாள். மூன்றாவது நாவலில் மாடெகோனி மனச்சோர்வு நோயில் விழுகிறார்.

இருட்டு இல்லாமல் இல்லை. அதன் முன் கதை நின்றுகொண்டிருப்பதில்லை, அவ்வளவே. அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். இந்த அளவு உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவருக்கு இது நாகரிகமான அடக்கம், இன்னொருவருக்கு நழுவல். இரண்டு வாசிப்புக்கும் நியாயம் உண்டு.

எய்ட்ஸ் விஷயத்தில் "நழுவல்" என்பவர்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி போட்ஸ்வானாவில் வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஹெச்.ஐ.வி. தொற்று இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2002 ஜனவரியில் அரசே இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் வந்த நாவல்களில் அனாதைகள் நிறைய, சவ அடக்கங்கள் நிறைய, மகூட்ஸியின் அண்ணன் நோயில் மெலிந்து சாகிறார். நோயின் பெயர் மட்டும் பெரும்பாலும் வாயில் வருவதில்லை. அந்த ஊரில் அப்போது யாரும் பெயர் சொல்லவில்லை, அதனால் நாவலும் சொல்லவில்லை என்று வாதிடலாம். அந்த வாதம் எங்களுக்கு முக்கால்வாசிதான் சரியாகப்படுகிறது.

ஒரு வெள்ளைக்கார ஆண், கறுப்பினப் பெண்ணின் மனசை எழுதலாமா?

எழுதலாமா என்பதைவிட எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது பயன் தரும். மெக்கால் ஸ்மித் 1948இல் இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையை அமைக்க உதவி, அங்கே பாடமும் நடத்தினார். அந்நாட்டின் குற்றவியல் சட்டம் பற்றிய நூலின் இணையாசிரியரும்கூட. சுற்றுலா போய்வந்து எழுதியவர் அல்ல.

அப்படியிருந்தும் புகாருக்கு இடம் இருக்கிறது. பாத்திரங்கள் அடிக்கடி "பழைய போட்ஸ்வானா ஒழுக்கம்" பற்றிப் பெருமூச்சு விடுகிறார்கள். மரியாதை, மாடு, மழை, நன்றியுணர்வு என்று ஒரு நாட்டையே இவ்வளவு நல்லதாகக் காட்டும்போது, அங்குள்ளவர்கள் கோபப்படவும் சூழ்ச்சி செய்யவும் உரிமையுள்ள முழு மனிதர்கள் என்பது மங்கிவிடுகிறது. ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் போரும்தான் என்ற பழைய படத்துக்கு இது நல்ல மாற்று. ஆனால் இதுவும் ஒரு படம்தான்.

தீர்வு எளிது. கூடவே இன்னும் இரண்டு பேரைப் படியுங்கள். ஒருவர் பெஸ்ஸி ஹெட். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து செரோவே ஊரில் வாழ்ந்தவர். வென் ரெயின் கிளவுட்ஸ் கேதர் (1968) நாவலில் அதே வறண்ட மண், அதே மாடுகள். ஆனால் தலைவனின் அதிகாரமும் அகதியின் பயமும் சேர்ந்து வரும். இன்னொருவர் யூனிட்டி டவ். போட்ஸ்வானா உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அவருடைய தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசென்ட் (2002), மாந்திரீக மருந்துக்காகச் செய்யப்படும் கொலையை மையமாகக் கொண்டது. மெக்கால் ஸ்மித்தின் முதல் நாவல் இதே விஷயத்தை எப்படி மென்மையாக முடிக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மாத விவாதத்துக்கு அதுவே போதும்.

ஆங்கிலம் கஷ்டமா? பெயர்களை எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் எளிது. சின்ன வாக்கியங்கள், தெளிவான உரையாடல். ஆங்கில நாவல் பழக்கம் இல்லாத தமிழ் வாசகர்களுக்கும் தைரியமாகச் சொல்லலாம். ஒரு புத்தகம் சுமார் 200 முதல் 250 பக்கம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் மூன்று நான்கு வாரத்தில் முடியும்.

பாத்திரங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை "ம்மா", "ர்ரா" என்பார்கள். செட்ஸ்வானா மொழியில் பெண்ணை, ஆணை மரியாதையாக விளிக்கும் சொற்கள். நம் அம்மா, ஐயா போலத்தான். அந்த "ம்மா" காதில் விழுவது தற்செயல்தான் என்றாலும், "சொல்லும்மா" என்று பேசிப் பழகியவருக்கு வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும். ஆங்கில விமர்சகர்கள் சிலர் இந்த விளிகளைச் செயற்கை என்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அண்ணே, அக்கா, சார் போட்டுப் பேசும் நமக்கு அது இயல்பாகவே படுகிறது.

மகூட்ஸியை மணக்கும் மரச்சாமான் கடை முதலாளியின் பெயரை "ஃபூட்டி" என்று சொல்லாதீர்கள். மூச்சு சேர்ந்த "பூட்டி" அது. கபரோனியின் முதல் எழுத்தும் அந்த ஊர்க்காரர் வாயில் தொண்டையிலிருந்து வரும் "ஹ" போல ஒலிக்கும். அவர்கள் குடிக்கும் புதர்த் தேநீர் ரூய்போஸ். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் பகுதியில் விளையும் செடி. காஃபின் இல்லை. தேயிலையை எதிர்பார்த்து வாய் வைத்தால் ஏமாற்றம்தான்.

டிவி தொடர் பார்த்தால் போதுமா?

போதாது, ஆனால் பார்க்கலாம். மொத்தம் ஏழு பகுதி. முதல் பகுதியை அந்தோணி மிங்கெல்லா இயக்கினார். 2008 மார்ச்சில் அது பிரிட்டனில் ஒளிபரப்பாவதற்குச் சில நாள் முன்பே இறந்துவிட்டார். ஜில் ஸ்காட் ராமொட்ஸ்வேயாகவும் அனிகா நோனி ரோஸ் மகூட்ஸியாகவும் நடித்தார்கள். போட்ஸ்வானாவிலேயே படமெடுத்ததால் அந்த வெளிச்சமும் செம்மண்ணும் நிஜம். டிவி தொடரில் வரும் பக்கத்துக் கடைச் சிகையலங்காரக்காரர் புத்தகத்தில் கிடையாது.

ஆர்.கே. நாராயணின் மால்குடியும் இதுவும் ஒன்றுதானே?

உறவு உண்டு. சென்னையில் 1906இல் பிறந்த நாராயணின் நாவல் தொகுப்புகளுக்கு மெக்கால் ஸ்மித் முன்னுரை எழுதியிருக்கிறார். சின்ன ஊர், பெரிய ஆசை உள்ள சின்ன மனிதர்கள், மெல்லிய சிரிப்பு எல்லாம் பொது. ஆனால் மால்குடி ஒரு தொடர் அல்ல. ஊர் ஒன்று, ஆட்கள் வேறு வேறு. முக்கியமாக, நாராயண் ஆறுதல் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்டின் மார்கய்யா ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு ஆரம்பித்துப் பணத்தில் புரண்டு, கடைசியில் எல்லாவற்றையும் இழந்து அந்தப் பெட்டிக்கே வந்து நிற்கிறார். ராமொட்ஸ்வேயின் உலகில் யாரோ ஒருவர் அவருக்கு ஒரு துண்டு கேக்காவது கொடுத்திருப்பார்கள்.

வாசகர்கள் குறை சொன்னால் இத்தகைய தொடர்கள் மாறுமா?

சில நேரம் மாறும், நல்லபடியாகத்தான் மாறும் என்று சொல்ல முடியாது. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தணி டிரோலப்பின் பார்செட்ஷையர் தொடர் நாவல்கள் ஆறு (1855–1867). ஒருநாள் லண்டன் அதினியம் மன்றத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு பாதிரியார்கள் அவருடைய பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருவதைத் திட்டிப் பேசினார்களாம், குறிப்பாக பிஷப்பின் மனைவி மிஸஸ் பிரௌடியை. டிரோலப் எழுந்துபோய், வீட்டுக்குப் போனதும் ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார், செய்தும் விட்டார். பிறகு அதற்காக வருந்தியதையும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மெக்கால் ஸ்மித்தின் இன்னொரு தொடர் 44 ஸ்காட்லண்ட் ஸ்ட்ரீட். 2004இல் தி ஸ்காட்ஸ்மன் நாளிதழில் தினத்தொடராக ஆரம்பித்தது. அதில் வரும் சிறுவன் பெர்ட்டியை அவன் அம்மா சாக்ஸபோன், இத்தாலி மொழி, மனநல ஆலோசனை என்று வாட்டியெடுக்கிறாள். அவனும் புத்தகம் புத்தகமாக ஆறு வயதிலேயே நின்றான். அவனைக் கொஞ்சம் விட்டுவிடச் சொல்லுங்கள் என்பது வாசகர்களின் நெடுநாள் கோரிக்கை. அம்மா லேசில் விடவில்லை. அந்தத் தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தப் புத்தகத்துக்குச் சண்டையே வந்துவிட்டது. எப்படி நடத்துவது?

"பிடித்ததா, பிடிக்கவில்லையா" என்று ஆரம்பிப்பதுதான் தப்பு. பத்து நிமிடத்தில் எல்லாரும் தங்கள் சுபாவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். புத்தகம் மேசையில் மூடியே கிடக்கும். இப்படிச் செய்து பாருங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் ஒரு வழக்கை மட்டும் எடுத்து, ராமொட்ஸ்வே செய்தது சரியா என்று கேளுங்கள். அப்பா வழக்கே நல்ல தொடக்கம்: நர்ஸ் வேடமிட்டுப் பொய் சொல்லி உண்மையை வாங்கலாமா? ரத்தம் கொடுக்கப் பயப்படுபவன் அப்பாவே இல்லை என்று எப்படி முடிவுகட்ட முடியும்? நிஜ அப்பாக்களுக்குப் பயம் வராதா? புத்தகம் பிடித்தவரும் பிடிக்காதவரும் இந்தக் கேள்வியில் கட்சி மாறி உட்காருவதைப் பார்க்கலாம்.

அடுத்து, "எதுவும் நடக்கவில்லை" என்பவரிடம் அவருக்கு மிகவும் சலிப்புத் தட்டிய இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது தேநீர்க் காட்சியாக இருக்கும். யார் ஊற்றுகிறார், யார் எந்தக் கெண்டியிலிருந்து குடிக்கிறார், யார் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்று மற்றவர்கள் கவனிக்கட்டும். ராமொட்ஸ்வே புதர்த் தேநீர் குடிப்பவர், மகூட்ஸிக்கு அது பிடிக்காது, சாதாரணத் தேநீர்தான் வேண்டும். முதலாளியிடம் அதைச் சொல்ல வாயெடுப்பதே ஒரு பெரிய விஷயமாகிறது. சத்தமாகப் படித்த பிறகும் சலிப்பாகவே இருந்தால், அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு அடுத்த மாதத்துக்கு யூனிட்டி டவ்வை எடுங்கள்.